பாலமலையின் கடல்காரி

எங்கள் அண்ணி ஜெயக்கொடியைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவளிடமே சொன்னபோது, "நல்லதா நாலு வார்த்த எழுது செல்வி" என்றாள். நாத்தனாரிடம் போய் நல்ல வார்த்தையை எதிர்பார்ப்பது அவளுடைய அசட்டுத் துணிச்சல்களில் ஒன்று. நான் அவளுடைய புருஷன் விஜேந்திரனின் தங்கை. பதிவில் என் பெயர் கலைச்செல்வி. றக்வானைக்கு மேலே பாலமலைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், அதாவது கீழ்க்கணக்கில், வரிசை வீடுகள் கொண்ட ஒரே லயத்தில், ஒரு சுவர் தள்ளி இருவரும் குடியிருந்தோம். அந்தச் சுவரும் கூரைவரை எட்டாது. அவள் அடுப்பில் கடுகு தாளித்தால் என் வீட்டில் தும்மல் வரும். ஆகவே அவளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

எங்கள் தோட்டத்தில் பட்டப்பெயர் இல்லாதவர் இல்லை. அண்ணிக்கு வைத்த பெயர் கடல்காரி. கடலோரத்தில் பிறந்தவள் என்றோ கடலைப் பார்த்தவள் என்றோ நினைத்துவிட வேண்டாம். அவள் பிறந்தது மேற்கணக்கில், வாழ்க்கைப்பட்டது கீழ்க்கணக்கில். வாழ்நாளில் பார்த்த பெரிய தண்ணீர், எம்பிலிப்பிட்டிய போகும் வழியில் பஸ் ஜன்னலுக்கு வெளியே வரும் குளம்தான். அண்ணனாவது கதிர்காமம் போய் வந்தவன். ஆனால் கடல் வந்த நேரத்தில் பஸ்ஸில் தூங்கிவிட்டான். அப்படிப்பட்ட குடும்பத்திலிருந்துதான் சங்கு மாலையும் சிப்பித் தோடும் ஊரெல்லாம் போயின.

தொண்ணூற்றெட்டாம் வருடம் தைமாதம், ஐந்தாம் நம்பர் மலையில் அவள் விழுந்தாள். ஐந்தாம் நம்பர் என்றால் எங்கள் கணக்கில் எல்லோருக்கும் ஒரு கசப்பு. செங்குத்தான மலை, நடுவில் வழுக்குப் பாறை, மழை பெய்தால் கால் வைக்கிற இடமெல்லாம் சேறு. கொழுந்து நிறைந்த கூடையோடு அவள் பாறையில் வழுக்கி மூன்று வரிசை கீழே போய் நின்றாள். வலது முழங்கால் திரும்பிவிட்டது. தோட்டத்து மருந்துக்காரர் கட்டுப்போட்டு, லேசான வேலை கொடுக்கச் சொல்லி எழுதினார். தவறணை என்கிற நாற்றுப்பண்ணையில் தேயிலைக் கன்றுகளுக்குப் பையில் மண் நிரப்புகிற வேலை கிடைத்தது. கன்றுகள் ஐப்பசி மழைக்கு மலைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அவளும் மலைக்குத்தான் போக வேண்டும் என்று கணக்கப்பிள்ளை ராமச்சந்திரன் ஐயா முதலிலேயே சொல்லிவிட்டார்.

"காலு ஆறிடும் செல்வி. அது பரவால்ல. அந்த மலைய அண்ணாந்து பாத்தாலே நெஞ்சு நடுங்குது. என்னால இனி ஏற முடியாது" என்றாள் ஒரு நாள்.

அப்படி அவள் பயந்து நான் பார்த்ததில்லை. லயத்தில் பாம்பு வந்தால் ஆண்கள் தடி தேடுவதற்குள் விளக்குமாற்றால் அடித்துப் போடுகிறவள். எனக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருப்பதை அவளிடம் காட்டினால் தலையில் ஏறிக்கொள்வாள் என்பதால், "சரி, மண்ணையே நெரப்பிக்கிட்டு இருங்க, அதுல முத்து கெடச்சாலும் கெடைக்கும்" என்றேன்.

முத்து கிடைக்கவில்லை, சங்கு கிடைத்தது. முழங்காலுக்கு எண்ணெய் போட எம்பிலிப்பிட்டியவில் ஒரு வெதமாத்தயாவிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வைத்தியர் வீட்டுக்கு அடுத்த கடை ஸாஹிராவுடையது. வளையல், பொட்டு, ரிப்பன், பிளாஸ்டிக் பூ எல்லாம் தொங்கும் பேன்சிக் கடை. வாசலில் சங்கும் பாசிமணியும் கோத்த மாலை ஒன்று தொங்கியது. அண்ணி அதைக் கழற்றி, திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைக்காரியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"முடிச்சு சரியில்லீங்க. மூணு நாள்ல அவுந்துரும்."

வாங்க வந்தவள் வாங்காமல் குறை சொன்னால் யாருக்கும் கோபம் வரும். ஸாஹிராவுக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப நீ கோத்துக் கொண்டு வா புள்ள, பாப்பம்" என்று ஒரு பொட்டலம் குட்டிச் சங்கும் கொஞ்சம் பாசியும் நூலும் கொடுத்து அனுப்பினாள்.

அண்ணி சின்ன வயதிலிருந்தே குண்டுமணி, மஞ்சாடி விதை என்று காட்டில் கிடைத்ததையெல்லாம் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தவள்தான். கொழுந்து கிள்ளிப் பழகிய விரல் வேறு. குடைக்கம்பியை அரத்தில் தீட்டி ஊசியாக்கி, சங்கின் ஓரத்தில் துளை போட்டு, ஒவ்வொரு சங்குக்கும் தனி முடிச்சுப் போட்டு அவள் கோத்த மாலை உண்மையிலேயே அழகாக இருந்தது. இதை நான் சொல்லியிருக்கிறேன் என்று யாரும் அவளிடம் போய்ச் சொல்ல வேண்டாம்.

அழகுக்குக் குறைவில்லை. கடலுக்குத்தான் குறை. வங்காளவிரிகுடாவோ இந்து சமுத்திரமோ எதுவானாலும் அவள் கையில் பச்சையாகத்தான் இருந்தது. அலை என்று அவள் கோத்ததெல்லாம் பச்சைப் பாசி. "கடல் நீலம் அண்ணி" என்றால், "தூரத்துல இருந்து பாத்தா நம்ம மலையும் நீலந்தான், கிட்டப் போனாப் பச்சையா இல்லையா?" என்பாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தொங்கிய கலண்டர் ஒன்றில் மீன்பிடிப் படகு இருந்தது. பெரிய படகுக்குப் பக்கத்தில் சாயாமல் இருக்க ஒரு மரக்கட்டையைக் கம்பால் இணைத்திருப்பார்கள் அல்லவா, அதைப் பார்த்துவிட்டுப் பெரிய படகு ஒன்றும் சின்னப் படகு ஒன்றும் கைகோத்த மாதிரி ஒரு பதக்கம் செய்தாள். கேட்டதற்கு, "தாயும் பிள்ளையும்" என்றாள். உடவளவையில் யானை பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் அந்தப் பதக்கத்தைத் தேடித் தேடி வாங்கினார்களாம். அவர்களும் மலைநாட்டுக்காரர்களாக இருந்திருக்க வேண்டும்.

சங்கை அம்பாந்தோட்டையிலிருந்து அனுப்புகிறவன் ஸாஹிராவின் தம்பி புவாட். அவன் சங்கை அவித்து, உள்ளே இருப்பதை எடுத்து, சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, காயவைத்துத்தான் அனுப்புவான். இது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குச் சங்கு என்றால் கடையில் பொட்டலமாக வருகிற வெள்ளைச் சாமான். பொட்டலத்தைத் திறந்தால் லேசாக ஒரு உப்பு வாடை வரும். அண்ணி அதை லயம் முழுக்கக் கொண்டுபோய், "மோந்து பாருங்க, கடல் வாசம்" என்று காட்டுவாள். கோயில் விபூதியை வாங்குகிற மாதிரி பெண்கள் வரிசையாக மூக்கை நீட்டுவார்கள். கடல்காரி என்ற பெயர் அப்போது வந்ததுதான்.

பெயர் வந்ததும் அவளுக்கு ஆசையும் வந்தது. மாலை கோத்தே பிழைத்துக்கொள்ளலாம், மலை ஏறத் தேவையில்லை என்று நினைக்க ஆரம்பித்தாள். அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"தோட்டத்துப் பதிவுல பேரு இருக்கிற வரைக்குந்தான் நமக்கு மரியாத. பேர வெட்டிப்புட்டு பாசி கோத்தா, நாளைக்கு அந்தம்மா கடைய மூடினா என்ன பண்ணுவ?"

"மூட மாட்டாங்க."

"சரி. அந்தம்மா வாயால, 'ஒனக்குத் தொடர்ந்து வேல இருக்கு'ன்னு சொல்லட்டும். அப்புறம் நான் வாயத் தொறக்கல."

அண்ணன் கெட்டவன் இல்லை. அவனும் லீவு நாளில் மாணிக்கக் குழியில் இறங்கிச் சேறு அள்ளுகிறவன். பளபளப்பாகத் தெரிகிற எதையும் அவன் நம்புவதில்லை. எத்தனையோ கல்லைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஏமாந்தவன்.

ஆவணிக் கடைசியில் ஸாஹிரா சொல்லியனுப்பினாள். புவாட்டின் மகள் றம்ஸியாவுக்கு அம்பாந்தோட்டையில் கல்யாணம். மருதாணி போடுகிற அன்று பெண்ணின் தோழிமார் எல்லோரும் ஒரே மாதிரி சங்கு மாலை போட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். ஒரு டசின் மாலை, கூட ஒன்று பெண்ணுக்குப் பெரிதாக. "இத வடிவா முடிச்சுத் தந்தா, இனி கடைக்கு வேற ஆள் தேட மாட்டேன், எல்லா வேலையும் ஒனக்குத்தான்" என்பது அவளுடைய வாக்கு. அண்ணி அதை அண்ணனிடம் வார்த்தை மாறாமல் ஒப்புவித்தாள். ஐப்பசிக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. இந்த மாலைகள் சரியாக அமைந்தால் அவள் கீழே இருப்பாள், அமையாவிட்டால் ஐந்தாம் நம்பருக்கு ஏறுவாள். எங்கள் லயத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது.

சங்கு மூட்டை ஒன்று பஸ்ஸில் றக்வானை பஜாருக்கு வந்து சேர்ந்தது. பெண்ணைப் பெற்ற தகப்பனுக்குக் கல்யாண வேலை தலைக்கு மேல் இருக்கும்போது சங்கு அவிக்க நேரமேது? புவாட் கரையில் பொறுக்கியதை அப்படியே ஈரத்தோடு சாக்கில் கட்டி அனுப்பிவிட்டான். ஸாஹிராவின் புருஷன் நிலாம் அதைப் பிரித்துப் பார்க்காமலே கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டான். அவித்துக்கொள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்கள் ஊரில் அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பது கிடையாது.

சாக்கைப் பிரித்ததும் மண்ணும் கடற்பாசியுமாக இருந்தது. அதைப் பார்த்து அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. சேறு பிடித்த சாமானைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த வட்டாரத்து ஆணுக்குத் தெரியாதா? மாணிக்கம் அரிக்கிற கூடையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடைக்குப் போனான். இடுப்பளவு தண்ணீரில் நின்று, குழிக்காரர்கள் செய்கிற மாதிரியே கூடையை வட்டமாகச் சுழற்றிச் சுழற்றி மண்ணைப் போக்கினான். பிறகு ஒவ்வொரு சங்காக எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"என்னாண்ணே தேடுற?" என்றேன்.

"நீரோட்டம் பாக்குறேன், உள்ள ஒளி ஓடுதான்னு."

"சங்குக்கு எங்கண்ணே நீரோட்டம்?"

"ஒனக்கு என்னா தெரியும்" என்று சொல்லி, நல்லது ஒரு குவியல், சுமார் ஒரு குவியல் என்று பிரித்தும் கொடுத்தான். நத்தையை எங்களுக்குத் தெரியாமல் இல்லை. மழைக்காலத்தில் லயத்துச் சுவரெல்லாம் நத்தைதான். ஆனால் பஸ்ஸில் சாக்குக் கட்டி வந்த சாமானுக்குள் அதே மாதிரி உயிர் ஒன்று சுருண்டு கிடக்கும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெளியில் விடாத மழை. அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கும் தட்டியில் சங்கைப் பரப்பிக் காயவைத்தாள். துளைபோட்டுக் கோக்க ஆரம்பித்தாள். இரண்டாம் நாள் ஒரு வாடை வந்தது.

முதலில் அடுத்த காம்பிராவில் குடியிருந்த தங்கம்மாவின் கருவாட்டின்மேல் பழி விழுந்தது. தங்கம்மா கருவாட்டுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லோருடைய மூக்குக்கும் நேரே காட்டி, தான் குற்றமற்றவள் என்று நிரூபித்தாள். அடுத்து, கூரையில் எலி செத்திருக்கும் என்றார்கள். ஆண்கள் தகரத்தின்மேல் ஏறினார்கள். எலி கிடைக்கவில்லை. இரண்டு தகரம் மட்டும் நெளிந்தது. சுவர் கூரைவரை எட்டாத லயத்தில் ஒரு வீட்டு நாற்றம் என்று தனியாக ஒன்று கிடையாது. எல்லோரும் சமமாக அனுபவித்தோம். லயத்து நாய்கள் மட்டும் சந்தேகமில்லாமல் அண்ணியின் வாசலில் வந்து படுத்துக்கொண்டன.

நான் உள்ளே போனேன். அண்ணி தட்டிக்குக் கீழே உட்கார்ந்து, புகைக்கும் நாற்றத்துக்கும் நடுவில், முகத்தில் ஒரு பெருமையோடு கோத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இது இங்கதான் நாறுது."

"நாத்தம் இல்ல செல்வி. கடல் வாசம்."

"இதுவா?"

"முன்ன வந்ததெல்லாம் பழசு, வாசம் போயிருச்சு. இது புதுசு. கடல்ல இருந்து நேரா வந்தது. கடல்னா இப்படித்தான் இருக்கும்."

அவள் சொன்ன விதத்தில் ஒரு உறுதி இருந்தது. நானும் கடலைப் பார்த்தவள் இல்லை. எதை வைத்து மறுப்பது? பாவம், கடற்கரையில் குடியிருக்கிறவர்கள் எப்படித்தான் சோறு சாப்பிடுகிறார்களோ என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். மறுநாள் லயம் முழுவதும் அந்தச் செய்தி பரவியது. அதற்குப் பிறகு யாரும் குறை சொல்லவில்லை. கடல் வாசத்தைக் குறை சொன்னால் நாட்டுப்புறம் என்று நினைப்பார்களே என்ற பயம். தங்கம்மா மட்டும் மூக்கில் சேலைத் தலைப்பை வைத்தபடி, "நல்ல வேள, நம்ம பாட்டன் கடல் தாண்டி வந்ததோட நிப்பாட்டினாரு, கரையிலயே குடியிருந்திருந்தா என்னா ஆகியிருக்கும்" என்றாள்.

மாலைகள் முடிந்தன. பிஸ்கட் பெட்டியில் பஞ்சு வைத்து அடுக்கி, கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெட்டியோடு எம்பிலிப்பிட்டிய பஸ்ஸில் ஏறினோம். கொடகவெல தாண்டுவதற்குள் எங்களைச் சுற்றி நான்கு இருக்கை காலியாகிவிட்டது. கொண்டக்டர் வந்தான்.

"மொனவத நங்கி மே பெட்டியே?" பெட்டிக்குள் என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"முஹுதே படு அய்யே" என்றாள் அண்ணி, கடல் சாமான் என்று பெருமையாக. அவன் டிக்கட் கிழித்துத் தராமலே முன்பக்கம் போய்விட்டான்.

பல்லேபெத்தைக்குப் பக்கத்தில் சோதனைச் சாவடி. அந்த நாட்களில் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் இருந்தால் இறக்கி வைத்து, எங்கே போகிறாய், ஏன் போகிறாய், யாரைப் பார்க்கிறாய் என்று நெடுநேரம் கேட்பார்கள். அடையாள அட்டையை நான் முன்கூட்டியே கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு சின்னப் பையன், இராணுவ உடையில், பெட்டியைத் திறக்கச் சொன்னான். அண்ணி திறந்தாள். அவன் மூடினான். "ஹரி, யன்ன, யன்ன" என்று போகச் சொல்லிக் கையை ஆட்டினான். அந்த வருடத்தில் அந்தச் சாவடியை அவ்வளவு சீக்கிரம் தாண்டிய தமிழ்ப் பெண்கள் நாங்களாகத்தான் இருக்கும்.

ஸாஹிரா பெட்டியைத் திறந்தாள். பிறகு கடைக்கு வெளியே போய் நின்று மூச்சு விட்டாள்.

"அல்லாஹ்வே. என்ன புள்ள இது? சங்க அவிக்கல்லயா?"

"அவிக்கிறதா? எதுக்குங்க்கா?"

"உள்ளுக்கு ஈக்கிற பூச்சிய எடுக்கத்தான்."

"பூச்சியா?" என்றாள் அண்ணி. "எந்தப் பூச்சி?"

ஸாஹிரா ஒரு ஊக்கை எடுத்து, பெண்ணுக்கென்று செய்த பெரிய மாலையிலிருந்த ஒரு சங்குக்குள் விட்டு இழுத்தாள். வந்ததை நான் வர்ணிக்கப் போவதில்லை. அண்ணி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். "அப்ப இது கடல் வாசம் இல்லீங்களா?" என்று கேட்டாள்.

ஸாஹிரா சிரித்தாள். கண்ணீர் வரச் சிரித்தாள். நிலாமைக் கூப்பிட்டுச் சொல்லி, அவனும் சிரித்தான். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அண்ணி சிரிக்கவில்லை. அவள் முகம் ஐந்தாம் நம்பரை அண்ணாந்து பார்க்கும்போது எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சிரிப்பு ஓய்ந்ததும் ஸாஹிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"கொற நெனக்காத புள்ள. அம்பாந்தோட்டக் கடையில ரெடியா ஈக்கிற மாலைய வாங்கிருவம். கல்யாணத்துல பேச்சு வந்தா எனக்கு ஏலாது."

"ஒரு நாள் குடுங்கக்கா" என்றாள் அண்ணி. "எல்லாத்தையும் அவுத்துச் சுத்தம் பண்ணித் திரும்பக் கோத்துத் தாறேன். இங்கயே இருந்து செய்றேன். முடியலன்னா நீங்க வாங்கிக்கங்க. நான் திரும்ப இந்தப் பக்கம் வர மாட்டேன்."

கெஞ்சவில்லை, அழவில்லை. கொழுந்து நிறுக்கும்போது கிலோ குறைந்தால் கணக்கப்பிள்ளையிடம் நியாயம் கேட்கிற குரல் அது. ஸாஹிரா பெட்டியை மூடி, "சரி, அப்ப அங்கயே வாங்க. தம்பி ஊட்டுல பெரிய சட்டி ஈக்கி" என்றாள்.

அப்படித்தான் அன்றிரவு ஸாஹிரா வீட்டில் தங்கி, மறுநாள் காலை நாங்கள் அம்பாந்தோட்டைக்குப் போனோம். பஸ் ஒரு வளைவில் திரும்பியது. தென்னைமரங்களுக்கு இடையில் அது தெரிந்தது. நான் அண்ணியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் மடியில் பெட்டியை வைத்து, முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "அப்புறம் பாக்குறேன் செல்வி, இந்த முடிச்சு வழுக்குது" என்றாள், நிமிராமல். பெயர் கடல்காரி.

புவாட்டின் வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் ஒரு கூப்பிடு தூரத்தில் கடல். முற்றத்தில் கல் அடுப்பு மூட்டி, பெரிய சட்டியில் சங்கை அவித்தோம். புவாட் கல்யாண வேலைக்கு நடுவில் வந்து எட்டிப் பார்த்து, "நான் அவிக்காம அனுப்பினதுக்கு நீங்க கோத்தே குடுத்திட்டீங்களே" என்று தலையில் கை வைத்துக்கொண்டு போனான். றம்ஸியாவின் தோழிமார் ஊக்கால் இழுத்து எடுத்தார்கள். அவர்கள் கை வேகத்தைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். ஆனால் கோப்பதில் அண்ணியின் விரலோடு அவர்களால் போட்டிபோட முடியவில்லை. இரண்டு இலையும் ஒரு அரும்புமாகப் பதினைந்து வருடம் பார்க்காமலே கிள்ளிய விரல்கள். ஒரு பெண் சங்கை எடுத்துக் கொடுப்பதற்குள் முடிச்சு விழுந்துவிடும்.

ஒரு பிரச்சினை வந்தது. துளை போட்ட சங்கில் பாதி, அவித்ததில் ஓரம் உடைந்துவிட்டது. பச்சைப் பாசியும் அழுக்குப் பிடித்து மங்கிப்போய்விட்டது. றம்ஸியா தன் பழைய நீலப் பாசி மாலையைக் கழற்றி அறுத்துக் கொட்டினாள். புவாட் வீட்டில் முன்பே சுத்தம் செய்து வைத்திருந்த சங்கு கொஞ்சம் கிடைத்தது. அண்ணி கணக்குப் பார்த்து, நெருக்கமாக இருந்த சங்கை இடைவெளி விட்டு, நடுநடுவே நீலத்தைப் போட்டு, மாலையின் அமைப்பையே மாற்றிவிட்டாள். யோசிக்க நேரமில்லாததால் அந்த வடிவம் வந்தது என்று பிறகு சொன்னாள். எனக்குத் தெரிந்து அவள் செய்ததிலேயே அழகான மாலை அதுதான்.

காலையிலிருந்து மாலைவரை அவள் முற்றத்தில் வெளிச்சத்துக்கு வசதியாக உட்கார்ந்திருந்தாள். முதுகு கடல் பக்கம். முப்பத்துமூன்று வருடம் பார்க்காத கடல் பின்னால் கிடந்து இரைந்துகொண்டிருந்தது. அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நான் இரண்டு தடவை போய்க் கால் நனைத்துவிட்டு வந்தேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டாள், கோத்துக்கொண்டே. "நீலம்" என்றேன். அவள் ஒரு நீலப் பாசியை எடுத்துக் கோத்தாள்.

கடைசி மாலைக்கு முடிச்சுப் போட்டதும் ஸாஹிரா எல்லாவற்றையும் ஒரு பாயில் பரப்பி வைத்தாள். ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தாள். இழுத்துப் பார்த்தாள். றம்ஸியா பெரிய மாலையைக் கழுத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸாஹிரா எங்கள் பக்கம் திரும்பினாள்.

"இனி சங்க நானே அவிச்சுத் தாறன். நீ கோத்தாப் போதும். மாசா மாசம் வேல ஈக்கி."

அண்ணி தலையை ஆட்டினாள். எழுந்திருக்கப் போனாள். நாள் முழுக்க மடங்கியிருந்த முழங்கால் நீள மறுத்தது. நான் தூக்கிவிட்டேன். அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

நெடுநேரம் பார்த்தாள். முதலில் மூக்கை உறிஞ்சினாள். "வாசமே இல்லியே செல்வி" என்றாள், ஏமாந்துபோன குரலில். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு மணலில் நொண்டி நொண்டித் தண்ணீர்வரை போனாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். கண் போகிற தூரம்வரை ஒரே மட்டமாகக் கிடந்தது.

"ஏறுறதுக்கு ஒண்ணுமே இல்ல பாத்தியா" என்றாள்.

பகிடி பண்ண ஒன்றும் தோன்றவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஐப்பசி பிறந்தது. கன்றுகள் மலைக்குப் போயின. காலைப் பெரட்டில் ராமச்சந்திரன் ஐயா பெயர்களைக் கூப்பிட்டு மலை பிரித்துக்கொண்டிருந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் கூடையோடும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடும் நின்றோம்.

"ஜெயக்கொடி, அஞ்சாம் நம்பர்."

அண்ணி முன்னே வந்தாள். கையில் கூடை இல்லை.

"ஐயா, என் பேர வெட்டிருங்க."

எங்கள் கணக்கில் பெயர் வெட்டுவது என்றால் ஒன்று ஆள் செத்திருக்க வேண்டும், அல்லது இந்தியாவுக்குக் கப்பல் ஏறியிருக்க வேண்டும், அல்லது வயதாகி ஓய்ந்திருக்க வேண்டும். உயிரோடு வந்து நின்று, தன் வாயாலேயே கேட்டவர் யாரும் அதுவரை இல்லை. ஐயா அண்ணனைப் பார்த்தார்.

"என்னா விஜேந்திரா, வீட்டுல ஏதும் சண்டையா? நீ என்னப்பா சொல்ற?"

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். எனக்குத்தான் அதிக பயம். அவன் தலையைச் சொறிந்தான்.

"பேரு அவளோடதுங்கய்யா. அவளையே கேளுங்க."

என் அண்ணன் பேசியதில் எனக்கு மிகவும் பிடித்த வார்த்தை அதுதான். அதை அவனிடம் நான் இன்றுவரை சொன்னதில்லை.

"காரணம் என்னான்னு போடுறது?" என்றார் ஐயா. "காலு சரியில்லன்னு போடவா?"

"வேணாங்கய்யா" என்றாள் அண்ணி. "வேற வேல கெடச்சிருச்சுன்னு போடுங்க."

ஐயா பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டார். பிறகு வழக்கம்போல அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

"கலைச்செல்வி, அஞ்சாம் நம்பர்."

"இருக்கேங்கய்யா" என்றேன். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நான் ஏறினேன். அவள் ஏறவில்லை.